காட்டக் கூடாத நாற்பது வரிகள்

அத்தியாயம் 5

வேனின் பின் கண்ணாடியில் அந்தச் சாம்பல் நிற ஹெல்மெட் மறுபடியும் தெரிந்தது. அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று நாளாக இதே ஹெல்மெட்தான். காலையில் வீட்டுக்கு எதிரே மருந்துக்கடை ஓரம், மத்தியானம் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, இப்போது நாலு வண்டி தள்ளி.

"மேடம், அவன் வர்றான்."

"தெரியும்மா," என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமலே.

"இந்த வேனோட ஆமை வேகத்துல பின்தொடர்றது லேசுப்பட்ட வேலை இல்ல," என்றான் ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தன். "ரெண்டு தடவை நம்மளைத் தாண்டிப் போயிட்டு, வெக்கப்பட்டுத் திரும்பி வந்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அண்ணி இருபத்திரண்டு வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று கண்டுபிடிக்கும் வேலை. அதை விட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தபோது உதவிக்கு வந்து ஒட்டிக்கொண்டவன் கணவரின் தம்பி. அவன் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் இன்ஸ்பெக்டர், வக்கீல் எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். அவனும் ஊருக்கே கொழுந்தனாகிவிட்டான்.

நேற்று அவர்கள் அலுவலகத்தில் அவள் சொன்ன முதல் வாக்கியமே, "எங்க டிரைவர்ல ஒரு கோளாறு," என்பதுதான்.

"அவனை அனுப்பிடுங்க. நான் சும்மாதான் இருக்கேன்," என்றான் கொழுந்தன்.

பிறகு அவள் விளக்கினாள். ஆஸ்பத்திரியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்பு செய்யும் சின்னத் தொழிற்சாலையில் அவள் பொறியாளர். பம்புக்குள் ஒரு மோட்டார், அதை ஆட்டிவைக்க ஒரு சிப்பு. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசி வேலை வாங்கும் கணினி நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அந்த நிரல் சிப்பு விற்ற கம்பெனிக்குச் சொந்தம். இருபத்துமூன்று பக்க ஒப்பந்தத்தோடு கொடுத்திருந்தார்கள். ஒரு வரியைக்கூட வெளியாளுக்குக் காட்டக் கூடாது, ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து இருந்தது.

போன மாதம் அவள் அக்கா கூப்பிட்டிருந்தாள். அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். "உங்க மிஷின் ஓடுதுன்னு திரையில காட்டுதுடி. ஆனா ஒரு சொட்டு இறங்கல. ஏதோ எடுக்கக் குனிஞ்சேன், கண்ல பட்டுச்சு," என்றாள். ஒரு மனிதர் பிழைத்தது அக்கா தற்செயலாகக் குனிந்ததால்.

சிப்புக் கம்பெனிக்கு அவள் ஆறு மெயில் எழுதினாள். ஆறுக்கும் ஒரே பதில்: உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. மேலாளர், "அவங்க சரக்கு, அவங்க பாத்துப்பாங்க. நீ தொடாதே," என்றார். அக்கா குனியாத ஒரு நாள் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், நிரலாளர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஓர் இணைய மன்றத்தில், தூக்கமில்லாதவள் என்ற புனைபெயரில் நாற்பது வரிகளை மட்டும் போட்டாள். உள்ளே இருந்த பெயர்களையெல்லாம் பூனை, எலி என்று மாற்றிவிட்டுத்தான் போட்டாள். எந்த மிஷின் என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, துருப்பிடித்த ஆணி என்ற பெயரில் ஒருவர் பதில் எழுதியிருந்தார். "பூனை மேல தப்பில்ல. பூனையைக் கூப்பிடற இடத்துக்கு ஒன்பது வரி மேல பாருங்க. சிப்பு பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்கற இடம். அது பளைய பிளை."

அந்த ஒன்பது வரியை அவள் போடவே இல்லை.

யாரோ தன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பதுபோல அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அன்று ராத்திரி வாசல் கதவுக்கடியில் ஒரு கவர் கிடந்தது. உள்ளே அந்தப் பதிலின் அச்சுப் பிரதி. ஒன்பது வரி என்ற இடத்தில் சிவப்பு வட்டம். தலைப்பில் அவளுடைய உண்மையான பெயர். புதன்கிழமை காலையில் போன் வந்தது. நிதானமான ஆண் குரல். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, அந்தப் பதிலோட சேத்து மன்றத்துல எல்லாத்தையும் எடுத்துடணும். நிரலைத் திருடினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வேலையை விட்டுடணும். இல்லைன்னா ஜெயில்தான்."

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று ஐம்பது.

"கவர் போட்டவனும் போன்ல பேசினவனும் ஒரே ஆளுன்னு நெனக்கிறியா?" என்று கேட்டார் அண்ணி.

"வேற யாரு மேடம்?"

"கவர்ல மிரட்டல் எங்க இருக்கு? உன் பேரு இருக்கு, ஒரு வட்டம் இருக்கு. அவ்வளவுதான். போன்ல பேசினவன் கவரைப் பத்தி வாயே திறக்கல. மிரட்டறவன், தான் அனுப்பின லெட்டரைச் சொல்லிக் காட்டாம இருப்பானா? ரெண்டு வேற வேற ஆளும்மா."

ஒருவன் என்று நினைத்துப் பயந்தவள், இரண்டு பேர் என்றதும் பின் கண்ணாடியில் இன்னொரு வண்டியையும் தேடினாள்.

"இன்னொண்ணு," என்றார் அண்ணி. "நகை போச்சுன்னு கத்தறவன் நகையைத்தானே தேடுவான்? இவன் சாட்சியைத் தேடறான். உன் நாற்பது வரியைவிட அந்தப் பதில் போகணுங்கறதுலதான் குறியா இருக்கான். அப்படி என்ன இருக்கு அதுல? எழுதினவரையே கேட்டுடுவோம்."

"அவர் யாருன்னே தெரியாதே."

"யாருன்னு தெரியாது. எங்க உக்காந்திருப்பார்னு தெரியும்."

நேற்று சாயங்காலம் முழுக்க அண்ணி ஆணியின் ஒன்பது வருஷப் பதில்களைப் படித்திருந்தார். எல்லாம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் எழுதியவை. திங்கள்கிழமையில் ஒன்றுகூட இல்லை. ஒரு பதிலில், பாலத்தை அடைத்துவிட்டதால் நேற்று வர முடியவில்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தார். அதற்கு முந்தின நாள்தான் இந்த ஊர்ப் பாலத்தில் லாரி கவிழ்ந்து போக்குவரத்து நின்றது. போன வருஷத்திலிருந்து அவர் எழுத்தில் ழகரமே இல்லை.

"எட்டு வருஷம் பழசுன்னு ஒழுங்கா எழுதினவர் திடீர்னு பளசுன்னு எழுதினா என்ன அர்த்தம்? தமிழ் மறந்துடுச்சுன்னா? விசைப்பலகையில அந்த எழுத்துக் கட்டை உடைஞ்சுடுச்சு. சொந்தக் கணினின்னா மாத்தியிருப்பார். திங்கள்கிழமை லீவு விடற பொது இடம் எது? நூலகம்."

"அதனால காலையிலேருந்து ஒவ்வொரு நூலகமாப் போய், எல்லாக் கணினியிலும் வாழைப்பழம்னு அடிச்சுப் பாத்தேன்," என்றான் கொழுந்தன். "மூணாவது நூலகத்துல ழ விழவே இல்ல, வாளைப்பளம்னுதான் அடிக்க முடிஞ்சுது. நூலகர் அம்மா நான் பசியில அடிக்கிறேன்னு நெனச்சு ரெண்டு பிஸ்கட் குடுத்தாங்க."

வேன் நூலகத்தின் முன்னால் நின்றது. பக்கத்தில் ஒரு மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அவள் இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். சாம்பல் ஹெல்மெட் தெருமுனையில் நின்று, வண்டியை அணைத்தது.

கணினி அறை இரண்டாவது மாடியில். தன் திரைக்குள் எட்டிப் பார்த்தவனை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில், படியேறும்போது அவள் அண்ணிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ஆறு கணினிகளில் சன்னலோரக் கணினியின் முன் நீலச் சீருடையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் தடிமனான சாவிக்கொத்து.

கொழுந்தன் சன்னல் வழியே கீழே மஞ்சள் பேருந்தையும் சீருடையையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணி, இவரு நெசமாவே டிரைவர்."

"ஆணி சார்?" என்றார் அண்ணி.

அந்த மனிதர் நாற்காலியோடு திரும்பினார். "யாரு நீங்க?"

"தூக்கமில்லாதவளைக் கூட்டிட்டு வந்திருக்கேன். இவங்க போடாத வரி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லை, வியப்புதான். "நான் எழுதினது எனக்குத் தெரியாதா?" என்றார்.

"நீங்க எழுதினதா?" என்றாள் அவள்.

"ஒரு குழந்தைக்கு முடியை வெட்டி, வேற சட்டை போட்டு, பூனை எலின்னு பேரை மாத்திக் கொண்டுவந்து நிறுத்தினீங்க. நடை மாறுமா? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினதும்மா அது."

"நம்பறதுக்கு எனக்கு நடை போதாதுங்க," என்றார் அண்ணி.

"சரி. நாற்பது வரிக்குள்ள ஒரு எண் இருந்துச்சு. நாலாயிரத்து முன்னூத்திப் பத்தொம்பது. பேரெல்லாம் மாத்தினவங்க அதை மட்டும் மாத்தல."

"அதைத் தொடவே கூடாதுன்னு கையேட்டுல போட்டிருக்கு," என்றாள் அவள். "ஏன்னுதான் போடல."

"எப்படிப் போடுவாங்க? அவங்களுக்கே தெரியாது. நாலாயிரமோ அஞ்சாயிரமோ, எது வச்சாலும் ஓடும். அது என் வீட்டுக்காரியோட அப்பா வீட்டு போன் நம்பர், கடைசி நாலு எண். அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகல."

"என் சம்சாரம் காதுல இது விழாம பாத்துக்குங்க," என்றான் கொழுந்தன். "அவ நம்பர் எனக்கு மொத்தமாவே தெரியாது."

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேருந்து ஓட்டுநர் சொன்னது நீளமான கதை இல்லை. வேலை பார்த்த கம்பெனி மூடி, பேருந்து ஓட்ட வருவதற்கு முன்னால், தான் எழுதிய அந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். நிபந்தனை இரண்டே. மேலே இருக்கும் என் பெயரை அழிக்காதே. நீ திருத்தினால், திருத்தியதையும் எல்லோருக்கும் இதேபோலக் கொடு.

"அதை எடுத்து, உங்க பேரை அழிச்சு, இருபத்துமூணு பக்க ஒப்பந்தத்தைச் சுத்தி வித்திருக்காங்க," என்றார் அண்ணி. "பதிலை எழுதினவர் யாருன்னு நாலு பேர் விசாரிச்சா அவங்க குட்டு உடைஞ்சுடும். அதான் போன்ல அத்தனை அவசரம்."

"ஓசியில பிடிச்ச தண்ணியை பாட்டில்ல போட்டு சீல் வச்ச கதை," என்றான் கொழுந்தன்.

அவளுக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. "அப்ப நான் திருடி இல்லையா மேடம்?"

"அவசரப்படாதே. நீ போட்ட கையெழுத்து போட்டதுதான். அதைக் கேட்டு வாங்க அவங்களுக்கு உரிமை இருந்துச்சான்னு கோர்ட்டுதான் சொல்லணும், நான் சொன்னா செல்லாது. ஆனா அந்தக் குரல்காரன் கோர்ட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். அது நிச்சயம்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் ஓட்டுநர். "கோளாறு எந்த மிஷின்லன்னு நீங்க எழுதவே இல்லையே. எதுல போட்டிருக்கீங்க இதை?"

"ஆஸ்பத்திரி பம்புல. மருந்து ஏத்தற பம்பு."

அவர் முகம் வெளிறிவிட்டது. சாவிக்கொத்தை எடுத்தார், வைத்தார்.

"நான் இதை எழுதினது கடை சன்னல்ல சுத்தற பொம்மை ரயிலுக்கும்மா."

அவர் திரும்பி, திரையில் அந்த நாற்பது வரிகளைத் திறந்தார்.

"அந்தக் காத்திருக்கற இடத்துல தப்பு பண்ணியிருந்தேன். கரன்டை நிறுத்தாம இருபது நாளுக்கு மேல வச்சிருந்தா, ஏதோ ஒரு நேரத்துல அது காத்துக்கிட்டே நின்னுடும். ரயில்தானே, நின்னா தட்டிவிட்டுப் போவாங்க. இருந்தாலும் பத்து வருஷம் முன்னாடியே திருத்திப் போட்டுட்டேன். இவங்க திருட்டு மாலுன்னு ஒளிச்சு வச்சதுல திருத்தத்தைத் தேடியிருக்க மாட்டாங்க. பம்பை எத்தனை நாளா நிறுத்தாம வச்சிருக்காங்க?"

தீவிர சிகிச்சைப் பிரிவில் எதையும் நிறுத்த மாட்டார்கள். ஒரு நோயாளி போனால் அதே பம்பை அடுத்த கட்டிலுக்கு, பேட்டரியில் ஓட ஓட, தள்ளிக்கொண்டு போவார்கள். அக்கா சொல்லியிருக்கிறாள். அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை.

நிமிர்ந்தபோது அறை வாசலில் அவன் நின்றிருந்தான். ஹெல்மெட் கையில்.

கொழுந்தன்தான் முதலில் எழுந்தான். அலமாரியிலிருந்து கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான். "ஒரு அடி எடுத்து வச்சே, அகர வரிசைப்படி அடி விழும்."

வந்தவன் அங்கேயே நின்றான். ஒல்லியானவன், மூக்குக் கண்ணாடி, முப்பதுகூட இருக்காது. ஹெல்மெட் அவன் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அவனுடைய கைதான் நடுங்குகிறது என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாக உறைத்தது.

"நான்தாங்க... பரிசீலனையில் உள்ளதுன்னு எழுதினவன்," என்றான்.

"யாரு?"

"சிப்புக் கம்பெனியில உதவிப் பிரிவு. உங்க ஆறு மெயிலையும் படிச்சவன் நான்தான். வேற எதுவும் எழுத விடல. அப்புறம் மன்றத்துல அதே கோளாறைப் பாத்துட்டு, கேட்டது நீங்கதான்னு எங்க மேல்மட்டத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. உங்களை எச்சரிக்கலாம்னு, அந்தப் பதில் சரியானதுதான்னு சொல்லலாம்னு வந்தேன். பெல் அடிக்கக் கை வரல. கவரை மட்டும் தள்ளிட்டு ஓடிட்டேன்."

"மூணு நாளா என் பின்னாடி அலைஞ்சது?"

"இன்னைக்குச் சொல்லிடலாம், இன்னைக்குச் சொல்லிடலாம்னு. தனியா இருக்கற பொண்ணு, நீங்க தப்பா நெனச்சுப்பீங்களோன்னு பயம்."

"நெனச்சேன்," என்றாள் அவள். "கொல்ல வர்றீங்கன்னு நெனச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஹெல்மெட்டின் உள் மடிப்பிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினான். மேலே இருந்தது மூல நிரலின் முதல் பக்கம். அதில் பேருந்து ஓட்டுநரின் பெயர் இருந்தது, கீழே அவருடைய இரண்டு நிபந்தனைகளும் இருந்தன. "வேலைக்குச் சேந்த முதல் வாரம் இதை அழிக்கச் சொன்னாங்க. அழிச்சேன். ஒரு பிரதி மட்டும் எடுத்து வச்சிருந்தேன்." ஓட்டுநர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கீழ இருக்கறது என்ன பட்டியல்?" என்று கேட்டார் அண்ணி.

"இந்த டிரைவரை வாங்கினவங்க. முப்பத்தோரு இடம். பம்பு மட்டும் இல்லைங்க. மூச்சு மிஷின் ரெண்டு கம்பெனி, டயாலிசிஸ் ஒண்ணு, லிஃப்ட் நாலு."

கொழுந்தன் கலைக்களஞ்சியத்தை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

அவள் கையில் போன் அடித்தது. அக்கா என்று நினைத்துப் பார்க்காமலே எடுத்தாள்.

"மணி நாலே முக்கால்." அந்த நிதானமான குரல். "இன்னும் கால்மணி நேரம்தான் இருக்கு. கடைசியாச் சொல்றேன். உங்க வீடு தெரியும், உங்க அக்கா எங்க வேலை பாக்கறாங்கன்னும் தெரியும்."

இரண்டு ராத்திரியாக இந்தக் குரலை நினைத்துத்தான் அவள் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். இப்போது அக்கா என்ற வார்த்தையைத் தவிர வேறெதுவும் அவள் காதில் ஏறவில்லை. அக்கா இந்த நிமிஷம் திரும்பக் கூப்பிட்டால்?

"லைனை விடுங்க," என்றாள்.

"என்ன?"

"அக்கா கூப்பிடுவா. வைங்க போனை." அவளே துண்டித்தாள். துண்டித்தபிறகுதான் யாரைத் துண்டித்தோம் என்று புரிந்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணி அவள் தோளில் கை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

போன் மறுபடியும் அடித்தது.

"என்னடி, கை வேலையா இருக்கும்போது இத்தனை தடவை?" என்றாள் அக்கா.

"அக்கா, உங்க வார்டுல எங்க பம்பு எத்தனை ஓடுது?"

"பதினாலு கட்டில், பதினாலு. ஏன்?"

"எல்லாத்தையும் ஒரு தடவை முழுசா நிறுத்திட்டுப் போடணும். பேட்டரியும் இல்லாம. ஒவ்வொண்ணா. இப்பவே. திரையை நம்பாதே, சொட்டை மட்டும் பாரு."

அக்கா மறுபடி ஏன் என்று கேட்கவில்லை. தங்கையின் குரலில் இருந்ததே போதுமாக இருந்தது. "டாக்டர் இங்கதான் இருக்கார். சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். நீ வைக்காதே."

இந்தப் பக்கம் அண்ணி பட்டியலைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுத்தார். மூச்சு மிஷின்கள் ஹெல்மெட்காரனுக்கு, லிஃப்டுகள் கொழுந்தனுக்கு. பேருந்து ஓட்டுநர் முதலில் பள்ளிக்குப் போன் செய்து, ஆறு மணிக்கு விளையாட்டு முடிந்து நிற்கும் பிள்ளைகளை ஏற்ற வேறு வண்டி அனுப்பச் சொல்லிவிட்டுத் தன் தாளை வாங்கிக்கொண்டார். நான்கு பேரும் நான்கு போனில் ஒரே நேரத்தில் பேச, நூலகர் அம்மா அமைதி என்று எழுதிய பலகையைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அண்ணி அவரிடம் கடைசித் தாளை நீட்டி, விஷயத்தை இரண்டு வரியில் சொன்னார். அவர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் வார்டைக் கேட்டாள். அக்காவின் செருப்புச் சத்தம். ஒரு பீப். "ஒண்ணு ஆச்சு." செருப்பு. பீப். "ரெண்டு." அடுத்தடுத்து எண்கள் வந்தன. ஒவ்வொரு பீப்புக்கும் முன்னால் இருந்த இடைவெளியில் அவள் மூச்சு விடவில்லை. ஏழு. எட்டு.

பிறகு செருப்புச் சத்தம் நின்றது. பீப் வரவில்லை.

"அக்கா?"

பதில் இல்லை. தூரத்தில் யாரோ டாக்டரைக் கூப்பிடும் சத்தம். சக்கரம் உருளும் சத்தம். ஏதோ உலோகத் தட்டு விழுந்தது.

"அக்கா, சொல்லு."

"ஒன்பதாவது கட்டில்," என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "ஓடுதுன்னு காட்டுதுடி. சொட்டு நின்னுபோயிருக்கு. எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியல. இரு."

அவள் இருந்தாள். அறையில் மற்றவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அண்ணி தன் போனை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநர் எழுந்து நின்றுவிட்டார்.

ஒரு பீப்.

"இறங்குது," என்றாள் அக்கா. "ஒண்ணு... ரெண்டு... மூணு. இறங்குதுடி. நாடி பிடிச்சிருக்கேன், இருக்கு." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, பத்தாவது கட்டிலுக்குப் போறேன். வச்சுடாதே."